‘ஆசிட் தொட்டி’ வேலைக்கு மகனை அனுப்பலாமா?

கெமிக்கல் டிப்ளமோ முடித்த மகனுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாசிவேஷன் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, ஆசிட் என்றதும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் எந்த ஆசிட் என்பதை முதலில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதிலுள்ள குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால், காற்று பட்டதும் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். லேத்தில் கடையும்போது டூலிலிருந்து இரும்புத் துகள் ஒட்டினால் அந்த இடம் துருப்பிடிக்கும். அந்த இரும்பை மட்டும் கரைத்தெடுப்பதுதான் பாசிவேஷன். வெல்டிங் கறையும் கறுப்புச் செதிலும் இதில் போகாது. அதற்கு நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்த பிக்ளிங் வேண்டும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலும் போகலாம், உள்ளே ஊடுருவி எலும்பு வரை பாதிக்கும். தொட்டிக்கு அருகிலேயே இந்த அமிலம் பட்டால் உடனே தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் அவசரக் குளியல் ஷவரும் இல்லாத பட்டறை என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.

பாசிவேஷன் மட்டும்தான் என்றால் வேலை இப்படி இருக்கும். பாசிவேஷனுக்கான ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்ற தர விதிப்படி, கொள்ளளவில் 20–25 சதவீத நைட்ரிக்கில் 49–60 டிகிரி செல்சியஸில் குறைந்தது 20 நிமிடம். அல்லது எடையில் 4–10 சதவீத சிட்ரிக்கில் அதே சூட்டில் 10 நிமிடம். சிட்ரிக்கில் பழுப்புப் புகை தொல்லை கிடையாது, புதிதாகச் சேர்கிறவனுக்கு அதுவே நல்லது. பிறகு நன்றாக அலசி, காயவைத்து, சோதனை. காப்பர் சல்பேட் கரைசலைத் தடவி 6 நிமிடம் ஈரமாக வைத்தால், இரும்பு மிச்சமிருக்கும் இடத்தில் செம்பு படியும். உணவு படும் பாகங்களில் இந்தச் சோதனை கூடாது.

கற்றுக்கொள்ள வேண்டியது முக்குவதை அல்ல, ஏன் கெட்டது என்பதை. கட்டிங் ஆயில் போகாமல் முக்கினால் அமிலம் உலோகத்தைத் தொடவே தொடாது. கழுவிய பாகத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். உப்புள்ள போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் குளோரைடு ஏறி, முக்கிய பாகம் கறுத்து அரித்துவிடும். கந்தகம் சேர்த்த 303, 416 என்ற எவர்சில்வர் ரகங்களை, சாதாரண 304 ரகத்துக்கான தொட்டியில் போட்டாலும் அதே கதி நேரலாம். சாதா இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துருப்பிடித்ததற்கு ஆசிட்டைத் திட்டும் பட்டறைகளும் உண்டு.

இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் தரக்கட்டுப்பாட்டுக்குப் போவான்; தெரியாதவன் பத்து வருடம் கழித்தும் கூடையைத் தூக்கிக்கொண்டிருப்பான். அதனால் சேர்ந்ததும் தொட்டியின் அமில அளவைச் சோதித்துக் கணக்கிடும் டைட்ரேஷன் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மேலே படிக்க நினைத்தால், டிப்ளமோவை வைத்து பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியிருக்கிறது. உலோக அரிப்பு ஆராய்ச்சி பக்கம் மனம் போனால், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

நேர்காணலுக்குப் போகும்போது மூன்றை விசாரிக்கட்டும்: புகையை இழுக்கும் ஸ்க்ரப்பர் ஓடுகிறதா, கழிவுநீரில் கரைந்த குரோமியமும் நிக்கலும் எங்கே போகின்றன, தொட்டியின் பதிவேட்டில் கடைசியாக எழுதிய தேதி எது. அந்தப் பதிவேட்டைக் காட்டத் தயங்கினால், அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.