பசால்ட்டை வைத்து மூடகத்தைப் படிப்பது: ஐசோடோப்பு கேள்வி பதில்

பசால்ட் போன்ற எரிமலைப் பாறைகளின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதங்களைக் கொண்டு பூமியின் மூடகத்தை (மேலோட்டுக்கும் உட்கருவுக்கும் இடைப்பட்ட பகுதி) புரிந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். பெரும்பாலான விகிதங்களில், கதிரியக்கத் தாய் சிதைந்து பிறந்த சேய் ஐசோடோப்பு முதலில், ஒப்பிட எடுத்துக்கொள்ளும் ஐசோடோப்பு அடுத்ததாக வரும். ஸ்ட்ரான்சியம் 87/86 என்பது அப்படித்தான்.

கேள்வி: பாறையில் எந்தத் தனிமம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளந்தால் போதாதா? ஐசோடோப்புக்கு ஏன் இவ்வளவு செலவு?

பிபிஎம் கணக்கு வழியிலேயே மாறிவிடும். ஒரே மூடகப் பாறை 5 சதவீதம் உருகினால் வரும் குழம்பில் இருக்கும் ருபிடியம், 15 சதவீதம் உருகினால் வருவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மேலே ஏறும்போது ஒலிவின் என்ற கனிமம் படிந்து பிரிந்தால் எண்கள் இன்னொரு முறை மாறும். ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் வேதியியலில் வேறுபாடு கிடையாது, எடையில்தான் ஒரு சதவீதம் போல வித்தியாசம். 1,200 டிகிரி வெப்பத்தில் அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. செய்தாலும், அளக்கும்போது 86/88 விகிதத்தை 0.1194 என்று நிறுத்தித் திருத்துவதால் அதுவும் கழிந்துவிடும். ஆக, உருகிய இடத்தின் விகிதம் குழம்போடு அப்படியே மேலே வருகிறது, வழியில் வேறு எதுவும் கலக்காத வரை. அந்தக் கடைசி நிபந்தனையில்தான் இந்தத் துறையின் பாதி வேலை இருக்கிறது.

கேள்வி: ருபிடியத்தோட அரை ஆயுள் பூமியோட வயசைவிடப் பத்து மடங்கு. அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியுது?

ருபிடியம்-87 சிதைந்துதான் ஸ்ட்ரான்சியம்-87 பிறக்கிறது. ருபிடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 5,000 கோடி ஆண்டுதான். வித்தியாசம் மூன்றாம் தசம இடத்தில் வரும், கருவி ஐந்தாம், ஆறாம் இடம் வரை படிக்கும். மூடகம் உருகும்போது ஸ்ட்ரான்சியத்தைவிட ருபிடியம் அதிகமாகக் குழம்புக்குப் போகிறது. மிஞ்சிய பாறையில் தாய்த் தனிமம் குறைவு என்பதால் அங்கே 87 மெதுவாகத்தான் சேரும். நூறு, இருநூறு கோடி ஆண்டில் அது தெளிவாகத் தெரியும். நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டில் விகிதம் 0.7025 அளவில் இருக்கும். சமோவாவின் சில எரிமலைப் பாறைகளில் 0.72ஐத் தாண்டுகிறது.

சமாரியம்–நியோடிமியத்தில் இது தலைகீழ். அங்கே சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது, சேயான நியோடிமியம்தான் குழம்புக்கு அதிகம் போகும், அதனால் மிஞ்சிய பாறையில் 143/144 காலப்போக்கில் உயர்கிறது. ஸ்ட்ரான்சியம் கிடைமட்டத்திலும் நியோடிமியம் செங்குத்திலும் இருக்கும் படத்தில் மூடகப் பாறைகள் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து விழுவது இதனால்தான்.

கேள்வி: எப்சிலான் கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

எப்சிலான் என்பது நியோடிமியம் 143/144, காண்ட்ரைட் (ஆதி விண்கல்) மதிப்பிலிருந்து பத்தாயிரத்தில் எத்தனை பங்கு விலகுகிறது என்ற எண். அளந்த 143/144 மதிப்பு 0.513100 என்று வையுங்கள். அதைக் காண்ட்ரைட் மதிப்பு 0.512630ஆல் வகுத்து, 1ஐக் கழித்து, 10,000ஆல் பெருக்கினால் +9.2. பழைய காண்ட்ரைட் மதிப்பு 0.512638ஐ வைத்தால் அதே பாறைக்கு +9.0. வெவ்வேறு கட்டுரைகளின் எப்சிலான் எண்களை ஒரே படத்தில் போடும்முன் மூல விகிதத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் ஒரே அடிப்படையில் கணக்கிடுங்கள்.

கேள்வி: ஹைமியூ, ஈஎம்-1, ஈஎம்-2 என்பவை மூடகத்தில் தனித்தனி அடுக்குகளா?

அடுக்கு என்று நினைத்தால் குழப்பம்தான். அவை ஐசோடோப்பு விகிதப் படத்தில் மூடகப் பாறைகள் எட்டும் கடைக்கோடி மூலைகளின் பெயர்கள். ஈஎம் என்றால் செறிவூட்டப்பட்ட மூடகம். 1986இல் புவிவேதியியலாளர்கள் ஜிண்ட்லரும் ஹார்ட்டும் இந்தப் பகுப்பை ஒழுங்குபடுத்தினார்கள். ஹைமியூவில் யுரேனியம்/ஈய விகிதம் மிக அதிகம். யுரேனியம் சிதைந்து ஈயம்-206 ஆவதால் ஈயம் 206/204 மதிப்பு 20.5ஐத் தாண்டும். செயின்ட் ஹெலினாவும் மங்கையாவும் இதற்கான தீவுகள். தட்டு அமிழும்போது ஈயத்தை இழந்த பழைய கடல் மேலோடு மூடகத்துக்குள் போய்த் திரும்பி வருகிறது என்பது பரவலான விளக்கம். மங்கையா ஒலிவினுக்குள் சிக்கிய சல்பைடுகளில், வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெருகும்முன் மட்டுமே உருவாகக்கூடிய கந்தக ஐசோடோப்பு அடையாளம் 2013இல் கிடைத்தது, அது இந்த விளக்கத்துக்கு நல்ல பலம். ஈஎம்-2 (சமோவா) கண்டத்திலிருந்து வந்த வண்டல். ஈஎம்-1க்கு (பிட்கேர்ன்) கடலடி வண்டலா, கண்டத்தின் கீழ்ப்பகுதியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: பாறைத் துண்டிலிருந்து ஸ்ட்ரான்சியம், நியோடிமியம் பிரிப்பதைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? எங்கே பிழை வரும்?

வெளித்தோலை ரம்பத்தால் வெட்டி எறியுங்கள். ரம்பம் பட்ட தடத்தையும் உரசி எடுத்துவிடுங்கள். உடைத்த சில்லுகளில் குமிழிக் குழிகளை நிரப்பிய வெள்ளைக் கால்சைட்டோ சியோலைட்டோ இருப்பவற்றைக் கையால் பொறுக்கி ஒதுக்கி, மீதியை அகேட் கிண்ணத்தில் அரையுங்கள்.

50 முதல் 100 மில்லிகிராம் பொடியை மூடியுள்ள டெஃப்லான் குவளையில் போட்டு, மூன்று பங்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் என்ற கணக்கில் ஊற்றி, 120–130 டிகிரி தட்டில் இரண்டு நாள் வையுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் பட்டால் முதலில் வலிக்காமலே இருக்கலாம், சேதம் உள்ளே நடக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

உலர்த்தியதும் வெள்ளைப் படிவு நின்றால் அது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் ஃபுளோரைடு. ஸ்ட்ரான்சியமும் அருமண் தனிமங்களும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். கரைந்துவிட்டது என்று நம்பி மேலே போனால் விளைச்சல் பாதியாகும். அடர் நைட்ரிக் அமிலம் விட்டு இரண்டு மூன்று முறை உலர்த்தி, பிறகு 6 மோலார் ஹைட்ரோகுளோரிக்கில் மூடி ஓர் இரவு சூடாக்குங்கள். மையவிலக்கில் சுற்றிய பிறகு குழாயின் அடியில் எதுவும் தங்கக்கூடாது.

ஸ்ட்ரான்சியத்துக்கான பிசினில் 3 மோலார் நைட்ரிக்கில் ஏற்றுங்கள். ருபிடியம் கழுவலோடு போய்விடும். பேரியத்தை விரட்ட 7 மோலார் அளவில் ஒரு கழுவல். பிறகு 0.05 மோலார் நைட்ரிக் ஊற்றினால் ஸ்ட்ரான்சியம் இறங்கும். ருபிடியம்-87 மிஞ்சினால் அது ஸ்ட்ரான்சியம்-87 மேலேயே உட்காரும், ஆகவே அளக்கும்போது ருபிடியத்தின் இன்னோர் ஐசோடோப்பான நிறை 85ஐக் கண்காணிக்க வேண்டும். நியோடிமியத்துக்குப் பிசின் நிரப்பிய இரண்டு தூண்கள்: நேரயனிப் பிசினில் அருமண் தனிமங்களை ஒட்டுமொத்தமாகப் பிரித்து, அடுத்த தூணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கால் நியோடிமியத்தை மட்டும் இறக்குவது. அறை வெப்பம் மாறினாலோ பிசின் பழசானாலோ இறங்கும் இடம் நகரும். தூணை மறுபடி அளவிடாவிட்டால் இறங்கத் தொடங்கும் சமாரியத்தையும் சேர்த்துப் பிடிப்பீர்கள், சமாரியம்-144 உங்கள் வகுக்கும் எண்ணையே கெடுக்கும்.

ஒவ்வொரு தொகுதியிலும் பாறையே போடாத ஒரு வெற்றுக் குவளையும், பிஎச்விஓ-2 போன்ற தெரிந்த பாறைப் பொடி ஒன்றும் இருக்க வேண்டும். அதற்கு ஸ்ட்ரான்சியம் 0.70348, நியோடிமியம் 0.51298 வராவிட்டால் மற்ற எண்களைத் தொடாதீர்கள். கருவி சரியா என்பதற்கு எஸ்ஆர்எம் 987 என்ற ஸ்ட்ரான்சியம் தரக் கரைசல் 0.71025 காட்ட வேண்டும். கருவி சரியாக இருந்து பிஎச்விஓ-2 தவறினால் கோளாறு குவளையிலோ தூணிலோதான்.

கேள்வி: கடலடியில் எடுத்த பசால்ட். நியோடிமியம் அக்கம்பக்கத்து மாதிரிகளோடு ஒத்துப்போகிறது, ஸ்ட்ரான்சியம் மட்டும் 0.7042. வண்டல் கலந்த மூடகம் என்று எழுதலாமா?

வேண்டாம். கடல்நீர் 0.7092. அதில் ஸ்ட்ரான்சியம் நிறைய, நியோடிமியம் சொல்லிக்கொள்ளும் அளவு கிடையாது. உங்கள் புள்ளி படத்தில் வலப்பக்கமாகக் கிடைமட்டமாக நகர்ந்திருப்பது கடல்நீர் புகுந்ததற்கான அடையாளம். வண்டல் கலந்திருந்தால் நியோடிமியமும் இறங்கியிருக்கும். பொடியைச் சூடான 6 மோலார் ஹைட்ரோகுளோரிக்கில் ஒரு மணி நேரம் கசியவிட்டு, கழுவி, மீதியை மறுபடி அளந்து பாருங்கள். கண்ணாடிப் பசால்ட் கிடைத்தால் அதுவே மேல். கசியவிட்ட பொடியின் ருபிடியம்/ஸ்ட்ரான்சியம் விகிதம் இயற்கையானதல்ல, அதை வயதுத் திருத்தத்தில் (பாறை உருவான பிறகு சிதைவால் கூடியதைக் கழிப்பதில்) போட்டால் கணக்கு தப்பும்.

கேள்வி: கண்டத்தின் மேல் வழிந்த பசால்ட்டில் மேலோட்டுக் கலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கணக்கின் கொடுமையைப் பாருங்கள். குழம்பில் ஸ்ட்ரான்சியம் 200 பிபிஎம், விகிதம் 0.7030. மேலோட்டில் 250 பிபிஎம், 0.7300. பத்து சதவீதம் கலந்தால் 0.7063. நியோடிமியம் 10க்கு 30 பிபிஎம், எப்சிலான் +8க்கு −20 என்றால் கலவையில் +1தான் மிஞ்சும். ஈயம் 1க்கு 15 பிபிஎம் என்றால், கலவையில் இருக்கும் ஈயத்தில் 62 சதவீதத்துக்கு மேல் மேலோட்டுடையது! கண்டப் பசால்ட்டின் ஈயத்தை வைத்து மூடகம் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

சோதனை எளிது. ஸ்ட்ரான்சியம் விகிதத்தைச் சிலிக்கா சதவீதத்தோடும் நியோபியம்/லாந்தனம் விகிதத்தோடும் வரைந்து பாருங்கள். சேர்ந்தே நகர்ந்தால் கலப்பு. தக்காணப் பாறைகளில் அம்பேனலி அடுக்கு கலப்புக் குறைந்தது, புஷே அடுக்கு மிகவும் கலந்தது. மூடகத்தைப் பற்றிப் பேச முன்னதைத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: 6.6 கோடி ஆண்டுப் பாறைக்கு வயதுத் திருத்தம் தேவையா?

தேவை. ருபிடியம் 10, ஸ்ட்ரான்சியம் 200 பிபிஎம் என்றால் ருபிடியம்-87/ஸ்ட்ரான்சியம்-86 ஏறக்குறைய 0.145. திருத்தம் 0.00013. அளந்தது 0.70500 என்றால் தொடக்க மதிப்பு 0.70487. கருவியின் பிழையைவிட இது பல மடங்கு.

கேள்வி: ஈய–ஈயப் படத்தில் (ஈயம் 206/204க்கு எதிராக 207/204) கடல் பசால்ட் எல்லாம் ஒரு கோட்டில் விழுந்து 180 கோடி ஆண்டு என்கிறதே, அது மூடகத்தின் வயதா?

இல்லை. இரண்டு வேறு பொருள்கள் கலந்தாலும் நேர்கோடு வரும், அதற்கு வயது கிடையாது. பிரிவினைகள் பழமையானவை, பல நூறு கோடி ஆண்டு அளவில் நீடித்தவை என்று மட்டும் சொல்லலாம்.

கேள்வி: ஹீலியம் அளக்க எவ்வளவு ஒலிவின் வேண்டும்?

ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தெளிவான மணிகளாக அரை கிராம் முதல் ஒரு கிராம். வெற்றிடத்தில் நசுக்கி எடுக்க வேண்டும், உருக்கினால் படிகத்துக்குள்ளேயே யுரேனியமும் தோரியமும் சிதைந்து உருவான ஹீலியம்-4உம் வெளியே வந்துவிடும். நீண்ட காலம் வெயிலில் கிடந்த மேற்பரப்புப் பாறையில் விண்கதிர்கள் ஹீலியம்-3ஐ உண்டாக்கியிருக்கும், ஹீலியம்-3 அதிகமிருப்பது ஆழ்மூடகத்தின் அடையாளமாகக் கருதப்படுவதால், அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆழ்மூடகம் கிடைத்துவிட்டது என்று ஏமாறுவீர்கள். அண்மையில் வெட்டிய முகத்திலிருந்து, மேற்பரப்பிலிருந்து இரண்டு மீட்டராவது உள்ளே எடுங்கள். நடுக்கடல் முகட்டில் ஹீலியம் 3/4 காற்றைப்போல 8 மடங்கு. ஹவாயில் லோஇஹி என்ற கடலடி எரிமலையில் 30ஐத் தாண்டும், கனடாவின் பாஃபின் தீவில் 50ஐயும் தாண்டும்.

கேள்வி: டங்ஸ்டன்-182 உட்கருவைக் காட்டுகிறதாமே?

டங்ஸ்டன்-182இன் தாயான ஹாஃப்னியம்-182இன் அரை ஆயுள் 89 லட்சம் ஆண்டுகள்தான். பூமி பிறந்த முதல் சில கோடி ஆண்டுகளிலேயே அது தீர்ந்துவிட்டது. ஆகவே இன்று ஹவாய், சமோவா பாறைகளில் டங்ஸ்டன்-182 பத்து லட்சத்தில் ஏறக்குறைய இருபது பங்கு வரை குறைவாக இருப்பது அந்த ஆதிகாலப் பிரிவினையின் மிச்சம். ஹீலியம்-3 அதிகமுள்ள பாறைகளிலேயே இந்தக் குறைவும் வருவதால் உட்கருவோடு பரிமாற்றம் நடந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். வேறு விளக்கங்களும் களத்தில் உள்ளன. நீங்கள் அளக்கப் போவதாக இருந்தால், டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்த பழைய பொடியைக் கொடுத்துவிடாதீர்கள். கிண்ணத்திலிருந்து உதிரும் டங்ஸ்டன் பாறையின் டங்ஸ்டனை மூழ்கடித்துவிடும். குறைவு இருந்தாலும் தெரியாது.