ஹோஸ் வெடித்து வீடெல்லாம் தண்ணீர்: செலவுக்கு எந்தப் பணத்தை எடுப்பது?

கேள்வி: குரோம்பேட்டையில் 3-வது மாடியில் சொந்த ஃபிளாட். கட்டி 9 வருடம் ஆகிறது. கோயில் கொடைக்காக மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தோம். அப்போது பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் வெடித்து, தண்ணீர் படுக்கையறை வரை வந்துவிட்டது. பிளைவுட் அலமாரி, கட்டில் எல்லாம் ஊறி உப்பிவிட்டன. எங்கள் செலவு மட்டும் சுமார் 1.1 லட்சம். கீழ்வீட்டில் ஃபால்ஸ் சீலிங், டிவி போய்விட்டது என்று 1.6 லட்சம் கேட்கிறார்கள். எங்களிடம் 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, 5 மாதத்தில் முதிர்கிறது. அதை உடைப்பதா, கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போடுவதா? வீட்டுக் கடன் வாங்கியபோது 62,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தோம். அதில் ஏதாவது கிடைக்குமா? - வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் குறைவு.

கடன் வாங்கும்போது மொத்தமாகக் கட்டிய 62,000 ரூபாய் பெரும்பாலும் ஆயுள் காப்பீடாகத்தான் இருக்கும். கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீதிக் கடனை அது அடைக்கும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அதில் ஒன்றும் வராது. இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. ஆனால் வங்கிகள் கட்டடத்துக்கென்று தனியாக இன்னொரு பாலிசியும் எடுக்கச் சொல்வது வழக்கம். அதன் நகல் உங்கள் கையில் இல்லாமலே இருக்கலாம். நாளைக்கே வங்கிக் கிளைக்குப் போய், "வீட்டுக்கான பாலிசி நகல் வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசியில், தண்ணீர்த் தொட்டி, குழாய், அது சார்ந்த சாதனங்கள் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முந்தைய தீ விபத்து பாலிசிகளிலும் இந்த வரி இருந்தது. கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுப் பொருட்களும் பாரத் கிருஹ ரக்‌ஷாவில் தானாகவே அடங்கும். அதனால் அந்தப் பாலிசி இருந்தால் உங்கள் 1.1 லட்சத்தில் கணிசமான பகுதி திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

பாலிசி எண் தெரிந்த அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வெடித்த ஹோஸைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் முதல் சாட்சி. உப்பிய பலகைகளையும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் ஆள்) வந்து பார்க்கும்வரை வைத்திருங்கள். தண்ணீரை வடித்துத் துடைப்பது, ஈரமான ஸ்விட்ச் போர்டு இருந்தால் எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது போன்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்றுதான் நிறுவனமும் எதிர்பார்க்கும். கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அதையும் நிராகரித்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ, சென்னையிலேயே உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது.

அடுத்து கீழ்வீடு. அடிப்படை பாலிசி உங்கள் வீட்டுச் சேதத்துக்கு மட்டும்தான். அடுத்தவர் வீட்டுச் சேதம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். அவர்கள் பெயரில் வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் இருவருக்குமே பாரம் குறையும். இல்லாவிட்டால், 1.6 லட்சத்தை அப்படியே கையில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏமாற்றுகிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஈரம் காயாமல் எது போனது, எது பிழைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரக் கூரையில் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் உரிந்துவிடும், மறுபடி உங்களிடம்தான் வருவார்கள். அவர்கள் வயரிங் நனைந்திருந்தால் அதை உடனே சரிசெய்து கொடுங்கள், அதில் தாமதம் கூடாது. டிவியை மெக்கானிக்கிடம் காட்டி, பழுது பார்க்க முடியாது என்றால் அதன் வயதுக்கேற்ற விலையைப் பேசுங்கள். கூரை வேலையைச் சில வாரம் காயவிட்டுத் தொடங்கி, வேலை செய்பவருக்கே பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். இதையெல்லாம் இரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதி கையெழுத்துப் போட்டுக்கொண்டால் உறவும் கெடாது. தினமும் படிக்கட்டில் முகம் பார்க்கிறவர்கள் நீங்கள்.

இப்போது பணம். செலவு இப்படிப் பிரிந்து வருவதால் முதலில் 1.5 லட்சம் இருந்தால் சமாளித்துவிடலாம். எஃப்.டி.யை உடைக்காதீர்கள், அதன் மேல் கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டி 7 சதவீதம் என்றால் அதன் மேல் வாங்கும் கடனுக்குப் பொதுவாக ஒரு சதவீதம் கூடுதலாக 8 சதவீதம் வரும். 1.5 லட்சத்துக்கு 5 மாதத்தில் கட்டும் வட்டி 5,000 ரூபாய். அதே காலத்தில் அதே தொகைக்கு உங்கள் டெபாசிட் ஈட்டுவது சுமார் 4,375 ரூபாய். நிகரச் செலவு 600 ரூபாய் சொச்சம்தான். கிரெடிட் கார்டில் அதே தொகையை 16 சதவீதத்தில் 12 மாதத் தவணையாகப் போட்டால் வட்டி மட்டும் 13,300 ரூபாய்க்கு மேல். செயலாக்கக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் தனி. முதிர்வு தள்ளியிருந்தால் உடைக்கச் சொல்லியிருப்பேன், அவசரத்துக்குத்தானே அந்தப் பணம்? 5 மாதம்தான் என்பதால் இப்படிச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் திடீரென்று நடப்பதற்குத்தான். மாதக்கணக்கில் கசியும் ஈரத்துக்கும் தேய்மானத்துக்கும் அது தராது. எங்கள் வீட்டில் பாத்ரூம் சுவருக்கு வெளியே ஒரு சின்ன ஈரத்திட்டு தெரிந்தது. டைல் இடுக்கை அடைத்தால் முடிந்திருக்கும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஒரு மழைக்காலம் தள்ளினேன். கடைசியில் தரையையே பெயர்த்து வாட்டர் புரூஃபிங் செய்தோம், முழுச் செலவும் என் கையிலிருந்து. அந்த ஞாபகத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் வேறெங்காவது திட்டு தெரிந்தால் இந்த வேலையோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். (இதைப் படிக்கும் வேறு யாராவது புது ஃபிளாட்டில் இருந்தால்: ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது.)

எஃப்.டி. மேல் வாங்கிய கடன் முடிந்ததும் மாதம் 1,500 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்குங்கள், வீட்டுப் பராமரிப்புக்கென்றே. வருடத்துக்கு 18,000 ரூபாயும் வட்டியும். வாஷ் பேசின், கீசர், வாஷிங் மெஷின், ஃபாசெட் ஹோஸ்களை வெடிக்கும்வரை விடாமல் மாற்றுவது, பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுத்தம் செய்வது, தொட்டியின் மிதவை வால்வைப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்தியதும் சுவரில் அதற்குத் தண்ணீர் விடும் குழாயை (ஆங்கிள் காக்) மூடிவிடுங்கள். எந்நேரமும் திறந்தே இருந்தால் ஹோஸ் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வராத நாளில் திறந்து பார்த்த குழாயை உடனே மூடுகிற பழக்கமும் வேண்டும். மோட்டார் போட்டதும் ஆளில்லாத வீட்டில் சிங்க் வழிவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடுவதுபோல வீட்டுக்கு வரும் மெயின் வால்வையும் மூடுங்கள். அது எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால், இப்போது ஹோஸ் மாற்ற வரும் பிளம்பரிடம் காட்டச் சொல்லி, உங்கள் கையாலேயே ஒருமுறை திருகிப் பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகியிருக்கும். அப்படியென்றால் அதையும் இந்த வேலையிலேயே மாற்றிவிடுங்கள்.