இரண்டு அம்மாக்கள் சேர்ந்து யூடியூபில் போடும் நகைச்சுவை வீடியோ எப்படித் தொழிலாகிறது?

இரட்டையர் நகைச்சுவையில் ஒருவர் பதறுவார், மற்றவர் நிதானமாக நிற்பார். அந்த இடைவெளியில்தான் சிரிப்புப் பிறக்கிறது. புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி விழுவது போல. இருவரும் கத்தினால் வெறும் மா, தொண்டையில் அடைக்கும்.

தாய்மை எடுபடுவதற்குக் காரணம், முன்கதை தேவையில்லை. பள்ளிக்கூடம் போகும் நேரம் காணாமற்போன ஒற்றைச் சப்பாத்து யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்கும் தெரியும். ஒரு காட்சிக்கு ஒரு பிரச்சினை போதும். முதல் 3 விநாடிக்குள் அது விளங்க வேண்டும். கமராவை விட மைக்குக்குச் செலவழியுங்கள்: ஃபான் இரைச்சலில் வசனம் கரைந்தால் சிரிப்பும் போச்சு.

யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் (குறு வீடியோ) பார்வையோ வேண்டும்.

பிள்ளையைக் கமராவுக்கு முன் நிறுத்தினால்தான் ஓடும் என்பது பிழையான எண்ணம். பிள்ளையின் வசனத்தை மற்ற அம்மாவே பேசலாம்.