ஜெர்மன் டாங்க் மாடல்கள் ஏன் பெரும்பாலும் 1/35 அளவில் வருகின்றன?

இதற்குப் பேட்டரிதான் காரணம்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் முதலில் மர மாடல்கள் செய்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு, 1960களின் தொடக்கத்தில் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கான பாந்தரை, மோட்டாரில் ஓடும் மாடலாகக் கொண்டுவந்தார்கள். மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்து உடற்பகுதியின் அளவை முடிவு செய்தார்கள். அப்புறம் கணக்குப் போட்டால் நிஜத்தில் ஏறத்தாழ 35-ல் ஒரு பங்கு வந்தது. 1/72, 1/48 எல்லாம் அடி, அங்குலக் கணக்கில் வந்தவை. 1/35-க்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. டமியா தொடர்ந்து அதே அளவில் வெளியிட, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பீரங்கியோடு 8.66 மீட்டர் நீளமுள்ள பாந்தர், இந்த அளவில் சுமார் 25 செ.மீ. வரும். மேசைக்கு அருமையான அளவு!

வாங்கும்போது எந்த மாதத்து டாங்க் என்று பாருங்கள். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மானியர்கள் ட்சிம்மரிட் என்ற பசையைக் கவசத்தில் பூசி, காயும் முன் வரிவரியாகக் கீறிவிட்டார்கள். 1943 பிற்பகுதியில் தொடங்கிய இந்தப் பூச்சு 1944 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஆகவே 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் போரில் இறங்கிய பாந்தருக்கு வரி போடக் கூடாது. 1944 கோடையில் நார்மண்டியில் நின்ற பாந்தர் என்றால் வரி அவசியம். வாங்கிய மாடல் கிட்டில் அது இல்லாவிட்டால், மெல்லிய புட்டி தடவி, சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தி அழுத்தி நீங்களே போடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.