நீங்கள் சொல்லும் ஆள் கோமாளி இல்லை

கேள்வி: சென்ற இதழில் வெளியான என் கடிதத்தில், ஒரே சாக்கடைக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டிய எங்கள் பேரூராட்சித் தலைவரைக் 'கோமாளி' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டீர்கள். பயமா? கோமாளி வேண்டாமென்றால் விதூஷகன், கட்டியக்காரன், பபூன், ஜோக்கர், கிளவுன் என்று எதையாவது போட்டிருக்கலாமே. எல்லாம் ஒரே பொருள்தானே?

பதில்: பயம் இல்லை. அடிக்கல் விவகாரம் ஒரு வரி குறையாமல் வந்திருக்கிறது. அதைவிடக் காரமானதல்ல 'கோமாளி'. சொல் ஆளுக்குப் பொருந்தவில்லை, வெட்டினேன். எல்லாம் ஒரே பொருள் என்கிறீர்கள். தவிலும் உறுமியும் தோல்தானே என்று கேட்பது போலிருக்கிறது.

கிளவுனை முதலில் அனுப்பிவிடுவோம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது, பட்டிக்காட்டான், நயம் தெரியாதவன் என்பதுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் சவக்குழி வெட்டும் இருவருக்கும் அதுதான் பெயர். அவர்கள் கையில் இருப்பது மண்வெட்டி. மூக்கில் சிவப்பு உருண்டை ஏதும் கிடையாது. வெள்ளை பூசிய முகத்தை லண்டன் மேடையில் புகழ்பெறச் செய்த ஜோசப் கிரிமால்டி பிறந்ததே 1778இல்தான். பழைய பொருளில் பார்த்தால், உங்கள் தலைவரைக் கிராமத்தான் என்று ஏசுகிறீர்கள். நீங்களும் நானும் எந்த ஊராம்?

ஜோக்கரைச் சீட்டுக்கட்டில் பாருங்கள். ரம்மியில் எந்தச் சீட்டு கைக்கு வரவில்லையோ அந்த இடத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைக் காப்பாற்றுவார். உங்கள் கடிதப்படி தலைவருக்கு அந்தத் தகுதியும் இல்லை.

விதூஷகன் சமஸ்கிருத நாடகத்து ஆள். அரசனின் தோழன், அந்தணன், சாப்பாட்டுப் பிரியன். அரசன் சமஸ்கிருதம் பேச, இவன் பிராகிருதம் பேசுவான். 'சாகுந்தல'த்தில் வரும் மாதவ்யன், வேட்டைக்காரனோடு சேர்ந்து வெயிலில் அலைந்து உடம்பெல்லாம் வலிக்கிறது என்று புலம்புவான். அந்த வேட்டைக்காரன் நாட்டின் அரசன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கட்டியக்காரன் நம் தெருக்கூத்துக்காரன். (சீவக சிந்தாமணியின் கட்டியங்காரன் வேறு. அவன் அரசனைக் கொன்று நாட்டைப் பிடித்த அமைச்சன். சிரிப்புக்கும் அவனுக்கும் வெகுதூரம்.) கட்டியம் என்றால் அரசனின் வருகையை விருதுப் பெயர்களோடு முழங்குவது. கூத்தில் அந்த வேலையைச் செய்கிறவனே கேலியும் செய்கிறான். திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கை குலுங்க நிற்கிறான். ஊரே காத்திருக்கிறது. திரை விலகியதும் கட்டியக்காரன் கேட்கும் முதல் கேள்வி, நீர் யார், எந்த நாடு, பெயர் என்ன என்பது! அத்தினாபுரத்து மகாராஜா, ஒரு வாயில்காப்போனுக்குத் தன் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லி நிற்க வேண்டும். சொன்னதை இவன் ஊர்ப் பேச்சில் புரட்டிச் சொல்லும்போது அதிலிருந்த கிரீடம் கழன்றுவிடும். உங்கள் பேரூராட்சிக் கூட்டத்தில் இப்படிக் கேட்க யாராவது இருந்தால், இரண்டாவது அடிக்கல்லே வந்திருக்காது.

அடுத்து பபூன். புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நடிகர்கள் ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து வருவார்கள், ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் முதலில் மேடை ஏறுகிறவர் பபூன். வள்ளியும் முருகனும் உள்ளே முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருக்க, பாயை உதறிப் போட்டுச் சண்டை பிடிக்கும் கூட்டத்தை இவர் தனியாக அடக்க வேண்டும். ஒரு முறை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பிழை இருந்தால் பொறுக்க வேண்டும் என்று சபைக்குக் கும்பிடு போட்டார். அடுத்த நொடி ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்தார். அவர் முறைக்க, தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். கை கன்னத்தைத் தொடும் அதே கணத்தில் ஆல்ரவுண்டு (மேடைக்கு ஓசை கொடுக்கும் தாளக்கருவிகள்) வாசிப்பவர் 'டமால்' என்று அடித்தார். இருவரும் அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்தவர்கள். அந்த அடி அரை நொடி தள்ளி விழுந்திருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். உங்கள் தலைவர் எந்த வேலையை நேரத்துக்குச் செய்தார்?

கடைசியாகக் கோமாளி. 'கோ' என்று தொடங்குவதால் அரசனோடு முடிச்சுப் போடாதீர்கள். கோமாளம் என்று ஒரு பழைய சொல் அகராதியில் இருக்கிறது. துள்ளி விளையாடுவது, குதியாட்டம் என்று பொருள். கும்மாளம் அதற்குப் பக்கத்து வீடு. கோமாளி அந்த வீட்டுப் பிள்ளை. தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் தலைகாட்டியதும் குழந்தைகள் எழுந்து உட்காருவார்களே, அந்த இனம். தான் சிரிப்புக்கு ஆளாகிறோம் என்று அறிந்து, அதற்காகவே குதிக்கிறவன்.

உங்கள் தலைவர் அப்படியா? மூன்றாவது அடிக்கல்லுக்கும் மாலையும் கைதட்டலும் எதிர்பார்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் நின்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வேறு சொல் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மூன்று கல்வெட்டுகளிலும் தேதி பொறித்திருப்பார்கள்; அவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்றையும் வரிசையாகப் போடுகிறேன்.