பூனைக்கு ஒரு தொட்டி மண், நாற்றுக்கு ஒரு கூண்டு

கேள்வி: மதுரையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். பால்கனியில் விதை போட்டால் புறாவும் அணிலும் மிச்சம் வைப்பதில்லை. அதனால் ஆடிப்பட்டத்துக்காக ஹாலில், கிழக்கு ஜன்னல் ஓரம், குழித்தட்டில் தக்காளி, கத்திரி, மிளகாய் போட்டேன். எங்கள் பூனைக்கு இரண்டு வயது, வீட்டை விட்டு வெளியே போகாது. முளை விட்ட இரண்டாம் நாளே தட்டின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒரு மூலையில் அசிங்கமும் செய்துவிட்டது. மீதியை ஐந்து மாத நாய்க்குட்டி நேற்று இழுத்துக் கவிழ்த்து, கலவையைக் கொஞ்சம் தின்றும்விட்டது. நர்சரியில் கொடுத்த கலப்புப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் அதில் சேர்த்திருந்தேன். அந்துருண்டை போட்டால் இரண்டும் கிட்டே வராது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த மாதக் கடைசியில் மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்துவிடுவாள். அதற்குள் பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள் சம்பந்தி வீட்டில். விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியுமா? இனி இந்த வீட்டில் நாற்று விடுவது நடக்கிற காரியமா?
– வாசகி, மதுரை

பதில்: நாற்று இருக்கட்டும், முதலில் குட்டியைப் பாருங்கள். கலப்புப் புண்ணாக்கு என்று விற்பதில் பெரும்பாலும் வேப்பம் புண்ணாக்கோடு ஆமணக்குப் புண்ணாக்கும் இருக்கும். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. எண்ணெய் பிழியும்போது அது எண்ணெயில் இறங்காது, சக்கையிலேயே தங்கிவிடும். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சோர்வு எல்லாம் சில மணி நேரத்திலும் வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். உங்கள் கடிதம் என் கைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கெடு தாண்டியிருக்கும். தனிப்பதிலில் உடனே எழுதியும் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன்: இப்படி நடந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், புண்ணாக்குப் பையையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாய்க்கு அந்த உப்பே ஆபத்து.

எலும்புத்தூள் விஷமில்லை. ஆனால் நாய்க்கு அது பலகாரம் மாதிரி. அந்த வாசனைக்குத்தான் உங்கள் தட்டு கவிழ்ந்திருக்கிறது. நிறையத் தின்றால் வயிற்றுக்குள் களிமண் உருண்டைபோல இறுகிவிடும். கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான் இழுக்கும், பூஞ்சணம் பிடித்ததாக இருந்தால் நாயின் ஈரல் தாங்காது. மீன் அமிலம், பஞ்சகவ்யா போட்டு வைத்திருக்கிறீர்களா? மீனும் வெல்லமும், நெய்யும் வாழைப்பழமும். நாயை விருந்துக்கு அழைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பாட்டிலைப் பரணில் ஏற்றுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவை எதுவுமே நாற்றுக்குத் தேவையில்லை. முளைத்து வரும்போது விதையிலை சோறு கட்டிக்கொண்டுதான் வருகிறது. கழுவிப் பிழிந்த தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, இவ்வளவு போதும். 25 நாளில் பிடுங்கி நடும் தக்காளிக்கும் சரி, 35, 40 நாள் நிற்கும் மிளகாய்க்கும் சரி. புண்ணாக்கை மாடித் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் ஆமணக்கு வேண்டாம். கடையில் வாங்கிய விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் அது மருந்து பூசிய விதை. பாக்கெட்டைப் பிரித்து டீபாயில் வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள்.

இனி பூனை. அது சேட்டை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதன் இடத்திலிருந்து பாருங்கள். மெத்தென்ற, லேசான ஈரமுள்ள, கால் வைத்தால் சரசரவென்று தோண்ட வருகிற, ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுகிற தூள். அது மலம் கழிக்க நீங்கள் வைத்திருக்கும் லிட்டர் ட்ரேயைவிடப் பல மடங்கு மேல்! பல வீடுகளில் பூனை நாற்றுத் தட்டில் போவதற்குக் காரணம் அதன் சொந்தத் தட்டை இரண்டு நாளாக யாரும் அள்ளாததுதான். அகலமான பழைய டப் ஒன்றில் மூன்று அங்குல உயரத்துக்கு லிட்டர் என்று கடையில் விற்கும் பூனை மணலோ சலித்த ஆற்று மணலோ போட்டு, நாற்று இருக்கும் அறைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். தினமும் அள்ளுங்கள். ஒரே பூனை என்றாலும் இரண்டு தட்டு இருப்பது நல்லது.

படுத்தது வேறு கதை. கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விழும் அந்த இரண்டடி, பூனையின் பட்டா நிலம். எங்கள் வீட்டில் ஆறரைக்கு வெயில் ஜன்னல் விளிம்பில் விழும்போது பூனை அங்கே இருக்கும். எட்டுக்கு வெயில் தரைக்கு இறங்கினால் அதுவும் இறங்கும். ஒன்பதரைக்கு சோபாவின் கால்மாட்டில் ஒரு கோடாகச் சுருங்கும்போது, அந்தக் கோட்டில் வாலையாவது நீட்டிக்கொண்டு கிடக்கும். நாற்றுக்கும் அதே வெயில்தான் வேண்டும். முதல் வருஷம் நான் அந்த விளிம்பில் தட்டை வைத்துவிட்டு மூன்று நாள் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் ஜன்னலை ஒட்டி, தட்டைவிட ஒரு முழம் உயரத்தில், ஸ்டூல்மேல் அட்டைப்பெட்டியும் அதில் என் பழைய பருத்திப் புடவையும் வைத்தேன். அதற்குப் பிறகு அது கீழே இருந்த தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனைக்கு உயரம் கிடைத்தால் போதும்.

அதை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். நாற்றை மூடுங்கள். வீட்டில் பழைய லவ் பேர்ட்ஸ் கூண்டு இருந்தால் அதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது. பூனை வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், தக்காளி உள்ளே வளரும். இல்லையென்றால் ஓட்டை ஓட்டையாக இருக்கும் துணிக்கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக் குழவியை வையுங்கள். சாப்பாட்டை மூடும் குடை வலை நாய்க்குட்டி வாலை ஆட்டினாலே பறந்துவிடும். நாய்க்கு எட்டாத உயரம் பூனைக்கு எட்டும், பூனை நுழைய முடியாத கூண்டை நாய் உருட்டிவிடும். அதனால் இரண்டும் சேர்ந்தே வேண்டும்: கூண்டும் வேண்டும், அது மேஜைமேலும் இருக்க வேண்டும். 98 குழித் தட்டை முழுசாகப் பயன்படுத்தவே வேண்டாம். கத்தரியால் நாலாக வெட்டுங்கள். ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும், கூண்டுக்குள்ளும் அடங்கும்.

மூடினால் வெளிச்சம் குறையும், நாற்று நெட்டையாகி ஒரு பக்கம் சாயும். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்றைக் கூண்டின்மேல், இலைக்கும் அதற்கும் அரைச் சாண் இடைவெளி விட்டுக் கட்டி, தினம் 14 மணி நேரம் எரிய விடுங்கள். சிறப்பு விளக்கென்று கடையில் விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை. வயர் தொங்கக் கூடாது. குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும் வயசு, எது கிடைத்தாலும் கடிக்கும். சுவரோடு ஒட்டிப் பட்டையடித்துவிடுங்கள். காற்றோட்டம் குறைந்தால் நாற்றழுகல் வரும். தண்ணீரை மேலே ஊற்றாமல், தாம்பாளத்தில் ஊற்றி அதில் தட்டைப் பத்து நிமிஷம் வைத்து எடுங்கள்.

அப்புறம், பூனைக்குப் புல் வேண்டும். இது ஆடம்பரமில்லை, புல் கடிப்பது அதன் பழக்கம். மாவு மில்லுக்கு வாங்கும் கோதுமையில் ஒரு கைப்பிடி எடுத்து இரவு ஊற வைத்து, ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அதே கலவையைப் போட்டு நெருக்கமாகத் தூவுங்கள். பத்து நாளில் சாண் உயரம் வந்துவிடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு டப்பா. தக்காளி, கத்திரி இலையில் நஞ்சு உண்டு; நாலு இலை கடித்தால் எச்சில் வடியும், வாந்தி எடுக்கும், அதற்குமேல் பெரும்பாலும் போகாது. ஆனால் கோதுமைப் புல் பக்கத்தில் இருந்தால் அந்தக் கசப்பு இலையை எதற்குக் கடிக்கப்போகிறது? வெங்காய நாற்று மட்டும் வீட்டுக்குள் வேண்டாம். வெங்காயமும் பூண்டும், தாள் உட்பட, பூனையின் ரத்த அணுக்களையே உடைக்கும்.

குப்பைமேனி விஷயம் ஒன்று. மண்புழு உரத்தோடு அதன் விதையும் வந்து தொட்டியில் முளைக்கும். நான் ஒருநாள் களை பிடுங்கித் தரையில் போட்டுவிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், எங்கள் பூனை ஒரு குப்பைமேனி வேரில் கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக, மல்லாந்து உருண்டுகொண்டிருக்கிறது. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது தெரியும், ஏன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நாற்றுத் தட்டில் மட்டும் அது முளைத்தால் அன்றைக்கே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கூண்டும் தாங்காது.

அந்துருண்டை கூடவே கூடாது. அது நாஃப்தலீன், பூனைக்கும் நாய்க்கும் விஷம், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அந்த நெடியும் வேண்டாம். மிளகாய்த்தூள் தூவச் சொல்பவர்களும் உண்டு. பூனை காலை நக்கும், அதே காலால் கண்ணைத் துடைக்கும், மிச்சத்தை நினைத்துப் பாருங்கள். காபிச் சக்கையும் வேண்டாம். நாற்றைத் தொட்டிக்கு மாற்றிய பிறகு, மண்மேல் உருண்டைக் கூழாங்கல் பரப்பி, இடையிடையே ஈர்க்குச்சியைச் சாண் உயரத்துக்குக் குத்திவிடுங்கள். படுக்கவும் முடியாது, தோண்டவும் முடியாது.

இப்போது சம்பந்தி வீட்டு விஷயம். அவர்கள் பயம் ஆதாரமில்லாதது இல்லை. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அது முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். ஆனால் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எலி, பச்சை இறைச்சி தின்ற பூனைக்குத்தான் தொற்றும். தொற்றினாலும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம்தான் மலத்தில் வெளியேறும். வெளியேறியதும் ஒட்டாது, குறைந்தது ஒரு நாளாவது கிடந்து முற்றிய பிறகே தொற்றும். வெளியே போகாமல், சமைத்த சோறோ பாக்கெட் தீனியோ தின்னும் பூனையின் தட்டை வேறு யாராவது தினமும் அள்ளிவிட்டால், அதன் மூலம் மகளுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பதால் பொதுவாக வராது. பச்சை இறைச்சி மட்டும் அதற்குப் போடாதீர்கள்.

அவர்கள் கேட்க மறந்தது மாடி மண்ணைப் பற்றி. திறந்து கிடக்கும் மணல், உரக்குவியல், தொட்டி எல்லாவற்றிலும் தெருப்பூனைகள் வந்து போகும். அந்த மண்ணில் ஒட்டுண்ணி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆசையாக இருக்கிறது என்று மகள் வெறும் கையால் மண் பிசைந்தால் அதில்தான் எனக்குப் பயம். கையுறை இல்லாமல் மண்ணைத் தொட வேண்டாம். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஆட்டுக்கறி நன்றாக வெந்திருக்க வேண்டும். டாக்டரிடம் டாக்சோ ரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வளர்ந்த பூனையைத் தெருவில் விட்டால் அது பிழைக்காது. சம்பந்தியிடம் டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள், நாம் சொல்வதைவிட எடுபடும்.

வளைகாப்புக்கு யாராவது பொக்கே கொண்டுவந்தால் அதில் லில்லி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆறிதழ் பூ, நடுவில் மகரந்தம் நிறைந்த நீளமான கம்பிகள். அந்த மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வாசலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிடுங்கள்.

விழுந்த நாற்றுக்கு வருவோம். பூனை போன மூலையில் இருந்ததை, கலவையோடு சேர்த்து, கையுறை போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். கத்திரியும் மிளகாயும் தண்டு மடங்கியிருந்தால் பிழைப்பது சிரமம், மறுபடி விதைத்துவிடுங்கள். கத்திரி ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும், மிளகாய் இன்னும் இரண்டு நாள் தாமதிக்கும். ஆடி பிறந்து பத்து நாள் தள்ளி நட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தக்காளி கெட்டிக்காரி. வேர் காயாமல் இருந்தால் ஒரு டீ கப்பில், விதையிலைக்குக் கீழ்வரை தண்டைப் புதைத்து நடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். இரண்டு நாள் வெயில் படாமல் வையுங்கள். மூன்றாம் நாள் காலை இலை நிமிர்ந்திருந்தால் கூண்டுக்குள் ஏற்றிவிடலாம்.