என் காசு, என் விளையாட்டு: காசினோ ஏன் தடுக்கிறது?

கேள்வி: லண்டனில் இரவு வேலை, கைக்கு மாதம் 2,100 பவுண்டு வரும். நான்கு மாதமாக ஆன்லைன் காசினோவில் ஸ்லாட் விளையாடுகிறேன். போன வாரம் திடீரென்று பணம் போடும் வரம்பைக் குறைத்துவிட்டு, சம்பளச் சீட்டும் கேட்கிறார்கள். கேள்வி கேட்காத வேறு தளத்துக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். அப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் பிரிட்டன் உரிமம் இல்லாதவை. ஜெயித்த பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் முறையிட உங்களுக்கு இடமே இருக்காது.

காசினோ உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, சட்டத்துக்குப் பயப்படுகிறது. 30 நாளில் நீங்கள் போட்டது, எடுத்தது போக 150 பவுண்டைத் தாண்டினாலே, உங்கள் பெயரில் திவால் உத்தரவோ கடன் தீர்ப்போ உண்டா என்று பொதுப் பதிவுகளில் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து இதுதான் விதி. அப்புறம் நள்ளிரவு ஆட்டம், தோற்றதும் உடனே மறுபடி பணம் போடுவது, தொகை ஏறிக்கொண்டே போவது, இதையெல்லாம் கவனித்துத் தலையிடுவதும் அவர்கள் கடமை. கண்டும் காணாமல் இருந்தவர்கள் பட்டிருக்கிறார்கள். ஒரே வாடிக்கையாளர் 14 மாதத்தில் 7,42,000 பவுண்டு போட்டபோதும் சரியாக விசாரிக்காதது உள்ளிட்ட தவறுகளுக்காக 2022இல் என்டெயின் என்ற சூதாட்ட நிறுவனம் 1.7 கோடி பவுண்டு கட்ட நேர்ந்தது.

கணக்கில் மிச்சம் இருக்கும் பணம் உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் வரம்பை ஏற்றுவதற்காக அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன்.

சரி, இன்று ஒரு வேலை செய்யுங்கள். நான்கு மாத பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, காசினோவுக்குப் போன ஒவ்வொரு வரியையும் பேனாவால் வட்டமிடுங்கள். சம்பளம் வந்து எத்தனை நாளில் போயிருக்கிறது, வாடகைக்கு முன்பா பின்பா என்று பக்கத்தில் குறியுங்கள். வாடகைக்கு முன்பு என்று ஒரு மாதம் வந்தாலும், ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ள உதவும் காம்ஸ்டாப் (GAMSTOP) சேவையில் பதிந்துவிடுங்கள். இலவசம்தான். ஆறு மாதமோ, ஓராண்டோ, ஐந்தாண்டோ நீங்கள் கேட்கும் காலத்துக்கு உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் உங்களைத் தடுத்துவிடும். வங்கிச் செயலியிலும் சூதாட்டத் தடையைப் போடுங்கள். மனது அலைபாயும் இரவில் தேசிய சூதாட்ட உதவி எண்ணான 0808 8020 133க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் பேசுவார்கள்.

வட்டமிட்ட மொத்தத்தை எனக்கு எழுதுங்கள். கடன் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், எதை முதலில் அடைப்பது என்று பார்ப்போம்.